கேமரா போன இடம், போகாத இடம்: ஆறு மாதத் திரையிடலுக்கு எந்தப் படங்கள்?

கணித மேதை ராமானுஜனைப் பற்றி மூன்று படங்கள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பதோ ஒரு ஞாயிறு மாலை, திருவல்லிக்கேணியில் ஒரு மாடிக்கூடம், இரண்டரை மணி நேரம். ஒன்றைத்தான் காட்ட முடியும். எதைக் காட்டுவது?

எங்கள் வாசகர் வட்டத்துக்கு அடுத்த ஆறு மாதத் திரையிடல் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கலை, போர், சமூகம் மூன்றுக்கும் தலா இரண்டு மாதம். அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் ஆவணப்படமா, வாழ்க்கை வரலாற்றுப் படமா என்பதில்தான். ஆவணப்படம் என்று சொன்னாலே பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது ஒரு கட்சி. வேஷம் கட்டி நடித்தாலே அது வரலாறு இல்லை என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடு கிடையாது. நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த மனிதர் முன்னால், அல்லது அந்தச் சம்பவத்தின் முன்னால், கேமரா போய் நின்றதா? நின்றிருந்தால் அந்தப் பிலிமையே போடலாம். இன்னொருவர் மீசை ஒட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை. கேமரா போகவே இல்லை என்றால்தான் நடிகருக்கு வேலை.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ராமானுஜன் விஷயத்திலேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது.

1920இல் 32 வயதில் இறந்துபோனவர். அசையும் படம் இல்லை, குரல் பதிவு இல்லை, புகைப்படங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அப்படியானால் நடிகர்தான் வேண்டும் என்று ஆகிறது. 2014இல் ஞான ராஜசேகரன் எடுத்த 'ராமானுஜன்' இருக்கிறது. அபிநய் நடித்தது, அம்மா கோமளத்தம்மாளாக சுஹாசினி. அடுத்த ஆண்டே 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' வந்தது. தேவ் படேல் ராமானுஜன், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டியாக ஜெரமி அயன்ஸ். இந்த இரண்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால், ஆங்கிலப் படத்துக்குக் கேம்பிரிட்ஜ் கைகொடுக்கிறது. டிரினிட்டி கல்லூரிக்குள்ளேயே போய்ப் படம் பிடித்தார்கள். கென் ஓனோ, மஞ்சுள் பார்கவா என்று நிஜமான கணித அறிஞர்கள் கூட இருந்து பார்த்துக்கொண்டதால் பலகையில் எழுதுகிற சூத்திரங்கள் ஒப்புக்கு எழுதியவை அல்ல. ஆனால் சென்னைப் பகுதி வந்ததும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. 1909இல் கல்யாணம் நடந்தபோது ஜானகி பத்து வயதுச் சிறுமி. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறியபோதும் பதினைந்து நிறையவில்லை. படத்தில் வருவதோ வளர்ந்த இருவரின் காதல் கதை. வெளிநாட்டுப் பார்வையாளருக்காகச் செய்த வசதி என்று புரிகிறது. ஆனால் அந்த வசதியில் அடிபட்டுப் போவது அந்தக் காலத்துப் பெண்ணின் நிலை. சமூக வரலாறு என்று நாம் பட்டியலில் எழுதிவைத்திருப்பதே அதைத்தானே.

தமிழ்ப் படம் அந்த இடத்தில் தேவலை. மாமியார், மருமகள், அடுக்களை, துறைமுகக் கழகத்து குமாஸ்தா வேலை எல்லாம் நம் வீட்டுப் பேச்சாக வருகிறது. கப்பல் ஏறிய பிறகு படம் மெலிந்துவிடுகிறது.

சரி, மூன்றாவது. 1987இல் கிறிஸ்டோபர் சைக்ஸ் எடுத்த 'லெட்டர்ஸ் ஃப்ரம் அன் இந்தியன் கிளர்க்'. ஆவணப்படம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ராமானுஜன் முன்னால் கேமரா போகவில்லை. ஆனால் ஜானகி அம்மாள் முன்னால் போயிற்று. அப்போது அவருக்கு 88 வயது. திருவல்லிக்கேணியில், நம் கூடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், 1994 வரை வாழ்ந்தவர். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அது என்று அவர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கேட்க, உலகம் முழுவதும் கணிதக்காரர்கள் காசு சேர்த்து, பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பார்த்து, பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பி மார்பளவுச் சிலை செய்து கொடுத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த அம்மாள் திரையில் வந்து பேசும்போது வேறு யாரும் ஜானகியாக நடிக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. என் ஓட்டு இதற்குத்தான். வர்ணனை ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது குறைதான். முன்னால் பத்து நிமிடம் தமிழில் ஒருவர் பேசிவிட்டால் போயிற்று. கணிதம் கலையா சமூகமா, எந்தப் பெட்டியில் போடுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பெரியாரில் யோசனையே வேண்டாம். 2007இல் வந்த 'பெரியார்' படத்தில் சத்யராஜ் மனசாரச் செய்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் பெரியாரின் முகமும் குரலும் நமக்குக் கிடைக்கின்றன. 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சின் ஒலிப்பதிவே இருக்கிறது. இடையில் வலி வந்து பேச்சு தடைப்பட்டு மறுபடி தொடர்வதைக் கேட்டவர்களுக்கு நடிப்பு எதற்கு? ஐந்து நாளில் அவர் போய்விட்டார்.

காந்திதான் கஷ்டம். அட்டன்பரோவின் 1982 படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், எல்லோருக்கும் பிடிக்கும், மாணவர்களுக்கு நல்லது என்று பெற்றோர்களும் சொல்வார்கள். எட்டு ஆஸ்கர், இறுதி ஊர்வலக் காட்சிக்கு மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் கூடினார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். "என்னப்பா, இந்த நாற்காலியில மூணு மணி நேரம் உட்கார்ந்தா என் முதுகு என்னாகறது?" என்று எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அதைவிடப் பெரிய மனத்தாங்கல் வேறு. அவ்வளவு நீளப் படத்தில் அம்பேத்கர் ஒரு காட்சியில்கூட இல்லை. அம்பேத்கரோடு செய்த பூனா ஒப்பந்தம் இல்லாத காந்தி கதையை இருபது வயதுப் பையன் பார்த்துவிட்டுப் போனால், அவன் மனத்தில் அதுதான் காந்தியாக உட்காரும். நடித்த படத்தின் ஆபத்து அதில் இருக்கும் பொய் அல்ல. விட்டுப்போனது விட்டுப்போனதாகவே தெரியாது என்பதுதான். ஆவணப்படத்திலும் விடுபடும், ஆனால் அங்கே தையல் வெளியே தெரியும்.

காந்திக்கு முன்னால் கேமரா எத்தனையோ முறை நின்றிருக்கிறது. அந்தத் துண்டுகளையெல்லாம் முதலில் தேடிச் சேர்த்தவர் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. 1937இல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் போகும்போது தோன்றிய யோசனை. அப்புறம் கண்டம் கண்டமாக அலைந்து, சுமார் 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940இல் தமிழில் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, காந்தியைப் பற்றி. அந்தத் தமிழ்ப் படம் இன்று இல்லை. பின்னால் அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கிச் செய்த ஆங்கில வடிவம்தான் மிச்சம். அது கிடைத்தால் போடலாம் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஆறு மாதத்துக்குள் நடக்காது. காந்தியை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டேன். அப்போதும் ஜப்பார் படேல் எடுத்த அம்பேத்கர் படம் அடுத்த மாதமே வரவேண்டும் என்பது என் நிபந்தனை. மம்மூட்டி நடித்து 2000இல் முடிந்த அந்தப் படம் தமிழ் பேசித் தமிழ்நாட்டுத் திரையரங்குக்கு வர 2010 ஆகிவிட்டது.

போருக்கு வருவோம். இங்கே என் அளவுகோல் நன்றாகவே அடி வாங்குகிறது.

முதல் உலகப் போருக்கு பீட்டர் ஜாக்சனின் 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்', 2018. லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் கொடுத்த 100 மணி நேரப் பழைய பிலிம், முன்னாள் வீரர்களின் 600 மணி நேரப் பேட்டி ஒலி. இவற்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய பிலிமில் ஆட்கள் பொம்மை மாதிரி விறுக் விறுக்கென்று நடப்பார்களே, அந்த வேகத்தைச் சரிசெய்து, வண்ணம் ஏற்றி, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து அவர்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்துக் குரலும் கொடுத்தார்கள். வண்ணம் ஏற்றியது எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் பதுங்குகுழிச் சேற்றில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற பையனின் பல்வரிசை தெரியும்போது வாதம் ஓடவில்லை. கவனிக்க வேண்டியது வேறு: சண்டை நடக்கும் இடத்துக்கு அந்தக் கேமரா போகவே முடியவில்லை. அதனால் தாக்குதல் கட்டம் வந்ததும் ஜாக்சன் அந்தக் காலப் பத்திரிகையில் வந்த சித்திரங்களைக் காட்டுகிறார். நடிகர்களை ஓடவிடவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

குறை: கேட்கும் குரல்களெல்லாம் பிரிட்டிஷ் வீரர்களுடையவை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போன போர் அது. சென்னைக்கே போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுமார் 130 குண்டுகள் போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போயிற்று. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, பக்கத்திலேயே பேருந்துக்கு நிற்கிறவர்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே படத்துக்குப் பிறகு சென்னையில் அந்தப் போர் எப்படி இருந்தது என்று ஒருவர் கால்மணி நேரம் பேசவேண்டும். இல்லாவிட்டால் யாரோ வீட்டுக் கதை என்று எழுந்து போய்விடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரின் யூதப் படுகொலைக்கு மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன. ஒன்று ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்', 1993. மூன்றேகால் மணி நேரம். கருப்பு வெள்ளைக்கு நடுவில் நடந்துபோகும் சிவப்புச் சட்டைச் சிறுமியை மறந்தவர் யாருமில்லை. என் தயக்கமே அந்தச் சிறுமிதான். அவ்வளவு அழகாக மனத்தில் நிற்க வேண்டிய விஷயமா அது? ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: அந்தப் படத்துக்குப் பிறகு அவர் தொடங்கிய அறக்கட்டளை 50,000க்கும் மேற்பட்ட சாட்சியங்களைப் பதிவுசெய்திருக்கிறது. படத்தைவிட அது பெரிய காரியம்.

இரண்டாவது அலென் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்', 1956. வெறும் 32 நிமிடம். புல் முளைத்துக் கிடக்கும் காலி முகாம்களை வண்ணத்தில் காட்டி, இடையிடையே பழைய கருப்பு வெள்ளைப் பிலிமை வைக்கிறார். வர்ணனை எழுதிய ழான் கேரோல் முகாமில் கிடந்து மீண்டவர். இதில் ஒரு புகைப்படம் வருகிறது: முகாமைக் காவல் காக்கும் ஒரு ஆள், தலையில் பிரெஞ்சுப் போலீஸ் தொப்பி. பிரெஞ்சுத் தணிக்கைக்காரர்களுக்கு அந்தப் பிணக்குவியலெல்லாம் பரவாயில்லை, இந்தத் தொப்பிதான் உறுத்தியது. கடைசியில் தொப்பி தெரியாதபடி ஒரு கட்டையை வரைந்து மறைத்தார்கள். இப்போது மறைக்காத பிரதி கிடைக்கிறது. நம் ஆளும் இருந்தான் என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கட்டையே சாட்சி. இதைக் காட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசலாம்.

மூன்றாவது க்ளாத் லான்ஸ்மானின் 'ஷோவா', 1985. ஒன்பது மணி நேரத்துக்கு மேல். பழைய பிலிம் ஒரு துண்டுகூட இல்லை. கொல்லும் இடத்துக்குள் கேமரா போகவில்லை, போனமாதிரி நடிக்கவும் மாட்டேன் என்று பிடிவாதம். உயிரோடு இருந்தவர்களைப் பேசவைத்தார், அவ்வளவுதான். டிரெப்ளிங்கா கொலை முகாமில் பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்ட ஆபிரகாம் போம்பா, டெல் அவிவில் ஒரு முடிதிருத்தும் கடையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசுகிறார். தன்னோடு வேலை செய்த நண்பரின் மனைவியும் தங்கையும் உள்ளே வந்த நாளைச் சொல்ல வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. கத்தரிக்கோல் மட்டும் ஓடுகிறது. சொல்லியாக வேண்டும் என்று லான்ஸ்மான் விடாமல் கேட்கிறார். அப்படி வற்புறுத்தியது சரியா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். முழுப்படத்தையும் மாடிக்கூடத்தில் போடமுடியாது, துண்டாகக் காட்டவும் மனம் வரவில்லை. ஆகவே நைட் அண்ட் ஃபாக்.

ஆனால் ஷோவா என் அளவுகோலைத் திருத்திவிட்டது. கேமரா போகவில்லை என்றால் நடிகர்தான் என்றேன் அல்லவா? இல்லை, இன்னொரு வழி உண்டு: கேமரா தாமதமாகப் போகலாம். ஜானகி அம்மாளிடம் போனதும் அப்படித்தான்.

இதை வைத்துத்தான் சமூகத்தின் இரண்டாவது மாதத்துக்கு 'ராமையாவின் குடிசை'யைச் சொல்கிறேன். பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த ஆவணப்படம், 2005. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனதைப் பற்றி, எஞ்சியவர்களும் அப்போது அங்கே இருந்தவர்களும் பேசுகிறார்கள். சம்பவம் கீழத்தஞ்சையில் நடந்தாலும் தீர்ப்பு நம் ஊர் உயர் நீதிமன்றத்தில் சொன்னது: காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில். எம்டன் குண்டுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் அதே வளாகம். இந்தப் படத்துக்குக் கூட்டம் வராது என்று சொன்னவர்களிடம் நான் வாதாடவில்லை, வருகிறவர்கள் வரட்டும்.

கலைக்கு வந்தால் மனசு லேசாகிவிடுகிறது. இங்கே அளவுகோல் நன்றாகவே வேலை செய்கிறது. வான்கோ முன்னால் கேமரா போகவில்லை. அதனால் கிர்க் டக்ளஸ் 1956இல் நடிக்க வேண்டியிருந்தது. 2017இல் 'லவிங் வின்சென்ட்' எடுத்தவர்கள் 125 ஓவியர்களை உட்காரவைத்து சுமார் 65,000 சட்டகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரையவேண்டியிருந்தது. உழைப்புக்குக் கும்பிடு. கதை என்னவோ சாதாரணத் துப்பறியும் கதைதான். பிக்காசோ முன்னால் போயிற்று: க்ளூஸோவின் 'தி மிஸ்டரி ஆஃப் பிக்காசோ', 1956. மை ஊறி மறுபக்கம் தெரியும் தாளில் பிக்காசோ வரைகிறார், கேமரா பின்பக்கம் நிற்கிறது. கை தெரியாது, ஆள் தெரியாது. வெள்ளையில் கோடு மட்டும் தானாக ஊர்ந்து வருகிறது. மீன் என்று நினைத்தால் கோழியாகிறது, கோழி முகமாகிறது. ஒரு கட்டத்தில் பிலிம் தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் இவ்வளவுதான் என்று க்ளூஸோ சொல்ல, பிக்காசோ அதற்குள் முடிக்க அவசரப்படுகிறார். கிரிக்கெட் கடைசி ஓவர் தோற்றுவிடும். கேமராவைப் பிடித்த க்ளோத் ரெனுவார், ஓவியர் ரெனுவாரின் பேரன். பேச்சு குறைவு என்பதால் ஆங்கிலம், பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லலாம்.

கலையின் இன்னொரு மாதம் சத்யஜித் ராயுக்கு. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றிய 'பாலா', 1976, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 'தி இன்னர் ஐ', 1972, இருபது நிமிடம். இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம். கண் பார்வை போன பிறகும் சாந்திநிகேதன் சுவரில் ஓடு பதித்துச் சித்திரம் செய்த பினோத் பிஹாரி முகர்ஜி, ராயின் சொந்த ஆசிரியர். அவரைப் பற்றிய 'தி இன்னர் ஐ'யில் ஒரு மாணவனின் அடக்கம் இருக்கிறது. பாலசரஸ்வதி படத்தில் ராய் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். 'கிருஷ்ணா நீ பேகனே' பதத்தைக் கடற்கரையில் ஆடவைத்தார். காற்று புடவையைத் தூக்குகிறது. அபிநயம் பார்க்கவேண்டிய இடத்தில் கண் முந்தானைக்குப் போகிறது. ஆனால் அந்த அம்மாள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையை அழைக்கும் அந்தக் கை ஒன்று போதும். இவருக்கு யாராவது வாழ்க்கை வரலாற்றுப் படம் எடுத்தால் நடிகை ஆறு மாதம் நாட்டியம் கற்றுக்கொண்டு வருவார். அந்தக் கை வராது.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சங்கடம் வேண்டாம். வீட்டில் ஓடிடிக்குப் பணம் கட்டியிருப்பது வீட்டில் பார்க்கத்தான். பொதுக்கூட்டத்தில் போடுவதென்றால் தனி அனுமதி வாங்கவேண்டும். பிரெஞ்சுப் படங்களுக்கு நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் கேட்டுப்பார்ப்பது முதல் வேலை. இன்னர் ஐ ஃபிலிம்ஸ் டிவிஷன் படம். அந்த நிறுவனம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) சேர்ந்துவிட்டதால் அங்கே எழுதவேண்டும். ராமையாவின் குடிசைக்கு இயக்குநரையே கேட்கலாம், முடிந்தால் நேரில் அழைக்கலாம்.

நடிகர்களுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, வ.உ.சி.க்கு. அவர் செக்கிழுத்தபோது பக்கத்தில் கேமரா இல்லை. தாமதமாகப் போகவும் யாருக்கும் தோன்றவில்லை. அவரும் 1936 வரை இருந்தார், பேசும்படம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒருவரும் போய் நிற்கவில்லை. இழுத்த செக்கு மட்டும் கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஆகவே 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்'தான் நமக்குக் கதி. வந்த காலத்தில் ஓடாத படம். கட்டபொம்மனில் கர்ஜித்த அதே சிவாஜி இங்கே தோளைக் குறுக்கிக்கொள்கிறார். சிறையிலிருந்து வெளியே வரும்போது வாசலில் தொழுநோயோடு நிற்கும் சுப்பிரமணிய சிவாவைத் தவிர ஆள் இல்லை. டி.கே. சண்முகமும் சிவாஜியும் மட்டும் நிற்கும் அந்த இடத்தை எந்த ஆவணப்படமும் கொடுத்திருக்க முடியாது, கொடுக்க அங்கே பிலிமே இல்லை. மூன்று மணி நேரம் தாண்டும் என்பதால் மாடிக்கூடம் ஒத்துவராது. செப்டம்பர் 5 அவர் பிறந்த நாள். அன்று மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பிக்க ஒரு பள்ளிக்கூட அரங்கம் கிடைக்குமா என்று தலைமையாசிரியை விசாரித்துச் சொல்வதாக இருக்கிறார். முதுகு சாய்க்க வசதியான நாற்காலி இருக்கவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.